கீசகன் யார்? – மராத்தி நாடகாசிரியர் காடில்கரின் வாழ்க்கை

ஆளுவோரைப் போல நடித்துக் காட்டி மக்களைச் சிரிக்க வைப்பது இன்று தொலைக்காட்சியில் நாள்தோறும் காணும் காட்சியாகிவிட்டது. தோளில் ஒரு துண்டு, கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடி, குரலில் சிறிது கரகரப்பு, இவை போதும். பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. இன்ன தலைவர் என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். ஆனால், நண்பர்களே, இந்த உரிமை நம் நாட்டிற்கு எளிதில் வந்து சேர்ந்ததன்று. வேடமிட்டு ஆள்வோரைச் சுட்டிக் காட்டிய குற்றத்திற்காக நாடகங்கள் தடுக்கப்பட்டன; நடிகர்கள் சிறைப்பட்டனர்; தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் கொடுமையை நேரிற் கண்ட ஒரு பெரியாரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

செம்பூரை அடுத்த திலக் நகரில் வாழும் நம்மவர்க்கு லோகமானிய திலகரின் பெயர் அன்றாடம் வாயில் வழங்குவது. நாம் ஏறி இறங்கும் புகைவண்டி நிலையம் திலக் நகர். ஊருக்குப் போகக் கோயம்புத்தூர் வண்டி ஏறும் இடம் லோகமானிய திலகர் முனையம். ஆயினும், அத்திலகரின் இதழில் துணையாசிரியராய் அமர்ந்து, பகலில் தலையங்கமும் இரவில் நாடகமும் எழுதிய கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கரை நம்முள் அறிந்தவர் மிகச் சிலரே. மராத்தி மக்களோ அவரை நாட்டியாசாரியர் என்னும் பட்டத்தோடு சேர்த்தே சொல்வர். பிழைக்க வந்த மண்ணின் பெரியோரை அறிவதும் நமக்கு ஒரு கடமையன்றோ?

பிறப்பும் கல்வியும்

காடில்கர் 1872ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாங்லியில் பிறந்தார். சாங்லி அந்நாளில் ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகர். மராத்தி நாடகத்தின் பிறப்பிடமும் அதுவே. 1843இல் விஷ்ணுதாஸ் பாவே என்பவர் அவ்வூர் அரசரின் ஆதரவில் சீதா சுயம்வரம் என்னும் நாடகத்தை நடத்தினார். அதனை நினைவுகூர்ந்து நவம்பர் 5ஆம் நாளை மராத்தியர் இன்றும் அரங்கத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். அத்தகைய ஊரில் பிறந்தவருக்கு நாடகப் பற்று இயல்பாகவே அமைந்ததில் வியப்பில்லை.

பூனாவில் பயின்று 1892இல் பட்டம் பெற்றார். கல்லூரியில் அவரை ஆட்கொண்டவர் ஷேக்ஸ்பியர். படிப்பு முடிந்த மறு ஆண்டிலேயே முதல் நாடகத்தை எழுதினார். 21 வயதில் மாளிகையின் மேலிருந்து வீழ்ந்து உயிர் துறந்த பேஷ்வா சவாய் மாதவராவின் சோக வரலாறு அது. எழுதியவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஹாம்லெட்டின் ஏக்கத்தையும் ஒதெல்லோ நாடகத்து வஞ்சகனின் சூழ்ச்சியையும் பூனா அரண்மனைக்குள் கொண்டுவந்து வைத்த திறம் அறிஞரைக் கவர்ந்தது.

திலகரின் நிழலில்

1890களின் பிற்பகுதியில் காடில்கர் திலகரின் கேசரி இதழில் சேர்ந்தார். அக்காலம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1893 முதல் விநாயக சதுர்த்தியைத் தெருவிலே கூடி நடத்தும் பொதுவிழாவாகத் திலகர் வளர்த்து வந்தார். அவ்விழாவில் குழுக்களாகப் பாடிச் சென்ற இளைஞர்கள் புராணப் பாட்டின் இடையே நாட்டுப் பாட்டையும் கலந்து பாடினர். 1897இல் திலகர் முதன்முறையாக ராஜத்துவேஷக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். நேராகப் பேசினால் சிறை. ஆகவே சுற்றி வளைத்துப் பேசும் கலையை அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது.

காடில்கர் அக்கலையை வாழ்க்கையிலும் பயின்றவர். திலகரின் ஒப்புதலோடு அவர் நேபாளம் சென்று, வெளிப்பார்வைக்கு ஓடு சுடும் தொழிற்சாலை ஒன்றை ஏற்படுத்தி, அதன் மறைவில் துப்பாக்கி செய்ய முயன்றார் என்று திலகரின் வரலாறு கூறுகிறது. முயற்சி கைகூடவில்லை. ஓட்டுத் தொழிற்சாலைக்குள் ஆயுதச் சாலையை ஒளிக்க எண்ணியவர், பின்னர்ப் புராணக் கதைக்குள் அரசியலை ஒளித்தார். முன்னது தோற்றது, பின்னது வென்றது.

வேடத்துக்குள் வேடம்

அந்நாடகத்தின் பெயர் கீசக வதம். 1907இல் மகாராஷ்டிர நாடக மண்டலியார் அதனை அரங்கேற்றினர்.

கீசகன் கதை நமக்குப் புதிதன்று. வில்லிபாரதத்தில் கீசகன் வதைச் சருக்கம் படித்திருக்கிறோம். மழை வேண்டி விராட பருவம் படிக்கும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. சூதில் தோற்ற பாண்டவர், அடையாளம் தெரியாமல் ஓராண்டு வாழவேண்டி விராட மன்னன் நகரில் மாறுவேடத்தில் தங்குகின்றனர். தருமன் அரசனோடு சூதாடும் அந்தணன். வீமன் மடைப்பள்ளிச் சமையற்காரன். திரௌபதி அரசிக்குக் கூந்தல் முடிக்கும் பணிப்பெண். அரசியின் தம்பியும் படைத்தலைவனுமாகிய கீசகன் திரௌபதியை விரும்பித் துன்புறுத்துகிறான். அவையிலே முறையிட்டும் நீதி கிடைக்கவில்லை. தருமன் பொறு என்கிறான், வீமன் பொறுக்கவில்லை, கீசகன் இரவோடிரவாகக் கொல்லப்படுகிறான்.

கதையிலேயே எல்லாரும் வேடம் போட்டவர்கள். அவ்வேடத்தின் மேல் காடில்கர் இன்னொரு வேடத்தைப் போர்த்தினார். அரங்கில் வந்து அதிகாரச் செருக்கோடு நடந்தவன் கீசகன். பார்த்தவர் கண்ணுக்கோ அவன் கர்சன் பிரபு. கண்ணீரோடு நின்றவள் திரௌபதி. பார்த்தவர் நெஞ்சில் அவள் பாரதத்தாய். மனுப் போட்டுப் பொறுத்திருக்கச் சொன்ன தருமன் காங்கிரஸின் மிதவாதிகள்; தோள் தட்டிய வீமன் திலகரின் தீவிரவாதக் கட்சி. ஒரு பெயரும் சொல்லப்படவில்லை. ஆங்கிலேயன் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

கர்சன் 1905ஆம் ஆண்டின் இறுதியிலேயே வைசிராய் பதவியை விட்டுக் கப்பலேறிவிட்டார். ஆயினும் அவர் செய்தவை மறக்கப்படவில்லை. 1904இல் பல்கலைக்கழகங்களை அரசாங்கத்தின் பிடிக்குள் இறுக்கிய சட்டம் அவருடையது. 1905 பிப்ரவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், வாய்மையை மேலைநாட்டாரின் உடைமை போலப் பேசிக் கீழை நாட்டாரைச் சிறுமைப்படுத்தியவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் வங்கத்தை இரு கூறாக்கியவரும் அவரே. மாணவராகிய நாம் அந்தப் பட்டமளிப்பு விழாவில் அமர்ந்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? ஆகவே அரங்கில் ஒரு படைத்தலைவன் பிறரை அடிமை என்று இகழ்ந்த போது, பார்த்தவர்க்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வேடத்தில் பாதியை நடிகன் போடுகிறான்; மறு பாதியைப் பார்ப்பவன் தன் மனத்தில் போடுகிறான். சோதனைக் குழாயில் இரு பொருள்கள் கலந்தாலன்றி நிறம் தோன்றாதது போல, மக்கள் மனத்தில் முன்பே குமுறல் இல்லையானால் அரங்கில் நிற்பவன் வெறும் கீசகனே. இன்றைய தொலைக்காட்சி நடிகரின் துண்டும் கண்ணாடியும் வேலை செய்வதும் இவ்வாறே.

இக்கலை மராத்தியர்க்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டுகளில் நம் பாரதியார் இந்தியா வார இதழில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு ஆட்சியாளரைச் சாடினார். 1908இல் புதுவைக்குச் சென்ற பின், பாஞ்சாலியைப் பாரதத்தாயாகவே கண்டு பாஞ்சாலி சபதத்தைப் பாடினார்; அதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. ஒருவரையொருவர் பார்த்து எழுதியவர்களல்லர். நாடெங்கும் ஒரே நெருப்பு எரிந்தது. தென்னாட்டின் முதல் மௌனப் படமாக நடராஜ முதலியார் சென்னையில் எடுத்ததும் கீசக வதமே என்பது நினைக்கத்தக்கது.

நாசிக்கில் ஒரு கொலை

1908 ஜூன் 24ஆம் நாள் திலகர் பம்பாயில் கைது செய்யப்பட்டார். ஜூலை 22ஆம் நாள் அவருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. பர்மாவின் மண்டலேச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் இல்லாத கேசரியின் பாரம் காடில்கர் போன்றோரின் தோளில் விழுந்தது. 1909இல் அவர் பாவுபந்தகி என்னும் நாடகத்தை எழுதினார். பங்காளிச் சண்டையால் பேஷ்வாக்களின் வீடு கெட்ட கதை அது. 1907இல் சூரத்துக் காங்கிரஸில் மிதவாதியும் தீவிரவாதியும் அடித்துக்கொண்டு பிரிந்ததை நேரிற் கண்ட நாட்டிற்கு அதன் உட்பொருள் விளங்காமற் போகுமா?

1909 டிசம்பர் 21ஆம் நாள் நாசிக் நகரில் ஒரு கொடிய நிகழ்ச்சி நேர்ந்தது. மாறுதல் பெற்றுச் செல்லவிருந்த மாவட்டக் கலெக்டர் ஜாக்சனுக்கு மரியாதை செய்வதற்காக விஜயானந்த் அரங்கில் நாடகம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அங்கே வந்த ஜாக்சனை அனந்த் கான்ஹரே என்னும் மாணவர் சுட்டுக் கொன்றார். ஜாக்சன் வடமொழி கற்றவர். பண்டிதர் என்று மக்களால் அழைக்கப்பெற்றவர். கான்ஹரே 1910 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

அன்று நாசிக்கில் நடக்கவிருந்தது கீசக வதம் அன்று. கிழவனுக்குச் சிறுமியை மணமுடிக்கும் கொடுமையைக் கண்டித்துத் தேவல் எழுதிய சாரதா என்னும் சீர்திருத்த நாடகம் அது. ஆயினும் கொலை நடந்த சில வாரங்களில், 1910 ஜனவரியில், பம்பாய் அரசாங்கம் கீசக வதத்தைத் தடை செய்தது. லண்டன் டைம்ஸ் இதழும் அதே திங்களில் இந்நாடகத்தைப் பற்றி எழுதி, கீசகன் கர்சன், திரௌபதி இந்தியா என்று ஒவ்வொரு வேடத்தையும் பிரித்துக் காட்டியது.

நாடகம் பார்த்ததால்தான் இளைஞர் துப்பாக்கி எடுத்தனரா? அரசாங்கம் அவ்வாறு அஞ்சியது. கொலையில் முடியும் கதை அது என்பதை நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆளுபவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அவனைக் கொல்வது வேறு. கற்றவரான ஜாக்சனின் உயிரும், பள்ளிப் பருவம் கடவாத கான்ஹரேயின் உயிரும் நாம் இலேசாக எண்ணிக் கடக்கத்தக்கவை அல்ல. ஆனால் குமுறலுக்கு வாயில் அடைபட்ட பின்பே கை எழுகின்றது என்பதை அந்த அரசாங்கம் எண்ணிப் பார்க்கவில்லை. திலகரின் பேனாவைப் பறித்தது. கொலைக்குப் பின் அரங்கின் வாயையும் அடைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கீசகன் யார் என்று நாடகாசிரியர் ஒரு நாளும் சொன்னதில்லை. புராணத்திலுள்ள ஒரு காமுகனைப் பற்றிய கதையைத் தடுக்கவேண்டுமானால், அவன் எங்கள் வைசிராயைப் போலிருக்கிறான் என்று அரசாங்கமே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டது! தடையாணையில் இட்ட கையெழுத்து, இப்படம் எம்முடையதே என்று இட்ட கையெழுத்தாயிற்று.

ஒரு சட்டத்தின் கதை

தடைக்குக் கருவியாய் நின்றது 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம். அது பிறந்ததும் ஒரு கேலி நாடகத்தால்தான். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-76இல் கல்கத்தாவுக்கு வந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்னும் வழக்கறிஞர் தம் வீட்டுப் பெண்கள் இருக்கும் அந்தப்புரத்திற்கே இளவரசரை அழைத்துச் சென்று உபசரித்தார். நகரம் கொதித்தது. உடனே கஜதானந்தனும் இளவரசரும் என்ற பெயரில் ஒரு கேலி நாடகம் அரங்கேறியது. போலீசார் தடுத்தனர்; பெயரை அனுமான் சரித்திரம் என மாற்றி மறுபடியும் நடித்தனர். அதையும் தடுக்கவே, போலீஸ் தலைவர்களான ஹாக், லாம்ப் இருவரையும் பன்றியும் ஆடுமாக்கி இன்னொன்று போட்டனர். ஆங்கிலத்தில் அவர்கள் பெயரின் ஒலி அவ்விலங்குகளை நினைவூட்டுவது! வைசிராய் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அவ்வாண்டின் இறுதியில் அது நிலைச்சட்டமாயிற்று.

சரியாக நூறாண்டு கழித்து, 1976இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் செவி சேஸ் என்னும் நடிகர் குடியரசுத் தலைவர் ஃபோர்டைத் தடுக்கி விழுபவராக வாராவாரம் நடித்துக் காட்டினார். ஃபோர்டு தடை போடவில்லை. தாமே அந்நிகழ்ச்சிக்காகச் சில சொற்கள் பேசிப் பதிவு செய்து கொடுத்தார். ஆட்சியின் வலிமை எதில் இருக்கிறது என்பதற்கு இவ்விரண்டு ஆண்டுகளே சான்று.

வெள்ளையர் போனவுடன் இச்சட்டம் போய்விடவில்லை. நடிகவேள் எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய பூசலில் 1954இல் சென்னை அரசாங்கம் தனியே ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்ததை நாம் அறிவோம். அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதென்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2018இல் நடைமுறைக்கு வந்தது.

பின்னைய வாழ்வு

தடைக்குப் பின் காடில்கர் ஓய்ந்தாரல்லர், பாதையை மாற்றினார். 1911 மார்ச் 12ஆம் நாள் பம்பாய் ரிப்பன் அரங்கில் மானாபமானம் என்னும் அவருடைய இசை நாடகம் அரங்கேறியது. வீரம் பெரிதா, செல்வம் பெரிதா என்பதே அதன் பொருள். பெண் வேடத்தில் நிகரற்ற பால கந்தர்வர் அதன் நாயகி. அன்றுதான் அவருடைய பெண்குழந்தை இறந்தது. துயரை விழுங்கிக்கொண்டு அவர் மேடையேறினார் என்பதை மராத்தியர் இன்றும் சொல்லி உருகுவர். 1916இல் சுயம்வரம், 1920இல் திரௌபதி என அடுத்தடுத்து இசை நாடகங்கள் வந்தன. அப்பாடல்களை இன்றும் மும்பைக் கச்சேரிகளில் கேட்கலாம்.

1920 ஆகஸ்டு முதல் நாள் திலகர் பம்பாயில் காலமானார். வீமனின் தோள்வலியைப் போற்றிய காடில்கர், அதன் பின் காந்தியடிகளின் ஒத்துழையாமை நெறியின் பக்கம் சாய்ந்தார். நாசிக்கையும் அதன் பின்வந்த தூக்குமரத்தையும் கண்ட ஒருவர் இம்முடிவுக்கு வந்தது கருதத்தக்கது. பம்பாயில் 1923இல் நவாகாள் என்னும் நாளிதழைத் தொடங்கினார். 1929இல் அவ்விதழில் எழுதியவற்றிற்காக ராஜத்துவேஷக் குற்றத்தின்பேரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவருக்கு 56 வயது. பிற்காலத்தில் ஆன்மிக நூல்களில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்தார். நாடு விடுதலை பெற்றதைக் கண்ணாரக் கண்டபின், 1948 ஆகஸ்டு 26ஆம் நாள் மறைந்தார். நவாகாள் அவருக்குப் பின்னும் அவர் வழியினரால் நடத்தப்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

காடில்கரின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அவர் வேடமிட்டுக் காட்டியது தம்மிலும் வலியவனை. திரௌபதியைக் கேலி செய்ய அவர் பேனா எடுக்கவில்லை. கீசகனைக் காட்ட எடுத்தார். அதனாலேயே அது இடர் நிறைந்த செயலாயிற்று, அதனாலேயே நிலைத்தது.

வேடம் மெலியவன் மேல் திரும்பினால் என்னாகும் என்பதை இந்நகரத் தமிழர் அறிவோம். 1960களில் இதே பம்பாயில் கேலிச்சித்திரமும் கேலிப்பேச்சும் பிழைப்புத் தேடி வந்த தென்னாட்டாரைக் குறிவைத்தன. 1968இல் வெளிவந்த படோசன் என்னும் இந்திப்படத்தில் மெஹ்மூத் நடித்த தமிழ்ப் பாட்டு வாத்தியாரைக் கண்டு நாடே சிரித்தது. அவர் சிறந்த நடிகர்தாம்; நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் குடுமியும் அந்த இந்தியும் மறுநாள் ஆலையிலும் அலுவலகத்திலும் நம் பெரியோரைப் பின்தொடர்ந்தன. கர்சனை நடித்துக் காட்டினால் நடித்தவன் சிறை செல்வான். கூலி வேலைக்கு வந்தவனை நடித்துக் காட்டினால் நடித்தவனுக்கு ஒன்றும் நேராது. நடித்துக் காட்டப்பட்டவனுக்கே எல்லாம் நேரும்.

நம் தமிழ் மன்ற ஆண்டுவிழாவிலும் பலகுரல் நிகழ்ச்சிக்குத்தான் கைதட்டல் மிகுதி. அமைச்சரையும் முதல்வரையும் துறைத்தலைவரையும் நண்பர்கள் நன்றாகவே நடித்துக் காட்டுகின்றனர், காட்டட்டும். விடுதிச் சமையற்காரரின் திக்குவாயையும், பீகாரிலிருந்து வந்த காவலாளியின் பேச்சையும் நடித்துக் காட்ட முற்படும்போது மட்டும் ஒரு கணம் நிற்போம். மேடையில் நிற்பவன் கீசகனா, திரௌபதியா என்று கேட்டுப் பார்ப்போம். விராட நகரில் வீமனும் ஒரு சமையற்காரனாகத்தான் இருந்தான்.